மலையின் வேரைத் தேடி

டுரியான் விற்பவர் பழத்தை வெட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. கத்தியின் பிடியால் மெல்லத் தட்டுகிறார். எழும் ஓசையைக் கூர்ந்து கேட்கிறார். சுளை நன்கு பழுத்திருந்தால் ஓர் ஓசை. காயாக இருந்தால் வேறோர் ஓசை. முள்தோட்டுக்குள் மறைந்திருப்பதை ஒலி அவருக்குச் சொல்லிவிடுகிறது.

பூமியின் உட்புறத்தை ஆராயும் அறிவியலாளர்களும் ஏறக்குறைய இதே வழியைத்தான் பின்பற்றுகின்றனர். பூமியை வெட்டிப் பார்க்க எவராலும் முடியாது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் பல ஆண்டுகள் முயன்று தோண்டிய துளைகூட 12 கிலோமீட்டர் ஆழத்தைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. பூமியின் மையமோ ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆகவே, தட்டிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால், இவ்வளவு பெரிய பூமியைத் தட்டுவது யார்? அந்த வேலையை நிலநடுக்கங்கள் செய்கின்றன. உயிர்களையும் உடைமைகளையும் பறிக்கும் அதே அதிர்வுகள்தாம் பூமியின் ஆழத்தைக் காட்டும் விளக்காகவும் அமைகின்றன.

மோதிக்கொள்ளும் தட்டுகள்

பூமி மூன்று முதன்மையான அடுக்குகளைக் கொண்டது. மேலே இருப்பது மேலோடு, அதற்குக் கீழே கவசம், நடுவே கருவம். மேலோடும் அதை ஒட்டிய கவசத்தின் மேற்பகுதியும் சேர்ந்து பல பெரிய தட்டுகளாகப் பிளவுபட்டுள்ளன. இத்தட்டுகள் மிக மெதுவாக நகர்கின்றன. சில இடங்களில் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. சில இடங்களில் உரசிச் செல்கின்றன. சில இடங்களில் நேருக்கு நேர் மோதுகின்றன.

அவ்வாறு மோதும் இடங்களுள் மிகப் பெரியது இமயமலைப் பகுதி. தெற்கே தனித்திருந்த இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவுடன் மோதத் தொடங்கியது. அந்த மோதல் இன்றும் ஓயவில்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. இந்த நெருக்கத்தில் மடிந்தும் அடுக்கடுக்காக ஏறியும் எழுந்தவையே இமயத்தின் சிகரங்கள். அவற்றுக்கு வடக்கே திபெத்து பீடபூமி சராசரியாக 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பரந்து கிடக்கிறது.

இவ்வளவு உயரமான நிலத்தைத் தாங்கி நிற்பது எது? மலைக்குக் கீழே என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கான முதல் தடயம் நிலநடுக்கத்திலிருந்து கிடைக்கவில்லை. நூலில் கட்டிய ஒரு குண்டிலிருந்து கிடைத்தது.

தூக்குக் குண்டு காட்டிய தடயம்

1802ஆம் ஆண்டில் சென்னையின் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்பவர் ஒரு நேர்கோட்டை மிகத் துல்லியமாக அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவைப் பணி அங்கிருந்து தொடங்கியது. லாம்டனுக்குப் பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை வடக்கே இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார்.

இந்த அளவையின்போது ஒரு சிக்கல் எழுந்தது. நடு இந்தியாவிலுள்ள கல்யாண்பூருக்கும் இமயத்துக்கு அருகிலுள்ள கல்யாணாவுக்கும் இடைப்பட்ட தொலைவை இரு வழிகளில் கணக்கிட்டனர். நிலத்தை அளந்து கண்டது ஒன்று. விண்மீன்களை நோக்கிக் கண்டது மற்றொன்று. இரண்டும் ஒத்துவரவில்லை. சுமார் 160 மீட்டர் வேறுபாடு இருந்தது.

கல்கத்தாவில் பணியாற்றிய ஜான் பிராட் என்ற சமயத் தலைவர் கணிதத்திலும் வல்லவர். அவர் இதற்குக் காரணம் தேடினார். விண்மீன்களை அளக்கும் கருவியைச் செங்குத்தாக நிறுத்துவதற்குத் தூக்குக் குண்டு தேவை. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தொங்கவிடும் குண்டு போன்றதே அது. பெரும் மலைக்கு அருகில் மலையின் ஈர்ப்பு அக்குண்டைத் தன் பக்கம் சிறிது இழுத்துவிடும். எனவே அளவு பிழைபடும். ஆனால், இமயத்தின் அளவைக் கொண்டு பிராட் கணக்கிட்டபோது, உண்மையில் கண்டதைப்போல் மூன்று மடங்கு பிழை ஏற்பட்டிருக்க வேண்டும் என்று தெரிந்தது. அதாவது, இமயமலை எதிர்பார்த்த அளவுக்கு இழுக்கவில்லை!

1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதற்கொரு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் மேலே உயர்ந்து தெரியும் கட்டை, நீருக்குள்ளும் ஆழமாக அமிழ்ந்திருக்கும். அதுபோல, உயர்ந்த மலைக்கு அடியில் எடை குறைந்த பாறையாலான வேர் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும் என்றார். கீழே அடர்ந்த பாறை இருக்க வேண்டிய இடத்தை லேசான பாறை பிடித்துக்கொண்டதால்தான் ஈர்ப்புக் குறைந்தது என்பது அவர் கருத்து. பிராட் இதை ஏற்கவில்லை. மலையின் கீழுள்ள பாறையே அடர்த்தி குறைந்தது. தனியாக வேர் எதுவும் தேவையில்லை என்று அவர் வாதிட்டார்.

இருவர் விளக்கத்தாலும் குண்டின் நிலையை விளங்கிக்கொள்ள முடிந்தது. எது உண்மை என்பதைத் தீர்மானிக்க மலையின் அடியைத் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

இருவகை அலைகள்

நிலத்துக்கு அடியில் பாறை திடீரென உடைந்து நழுவும்போது நிலநடுக்கம் ஏற்படுகிறது. அந்த இடத்திலிருந்து அதிர்வலைகள் எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன. பூமியின் உள்ளே பயணம் செய்யும் அலைகள் இருவகைப்படும்.

முதலில் வந்து சேர்வது முதன்மை அலை. அது பாறையை முன்னும் பின்னும் அமுக்கித் தளர்த்தியவாறு செல்லும். அடுத்து வருவது இரண்டாம் நிலை அலை. அது கயிற்றை உதறினால் எழும் நெளிவைப்போல, பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும். மேலோட்டில் முதன்மை அலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். இரண்டாம் நிலை அலையின் வேகம் சுமார் 3.5 கிலோமீட்டர். கடினமான பாறையில் அலைகள் விரைந்து செல்லும். சூடான, மென்மையான பாறையில் வேகம் குறையும். இரண்டாம் நிலை அலையால் நீர்மத்தின் ஊடே செல்லவே முடியாது. ஆகவே, அலை எவ்வளவு நேரத்தில் வந்தது, எந்த அலை வரவில்லை என்பவற்றைக் கொண்டே அது கடந்துவந்த பாதையின் தன்மையை ஊகிக்கலாம்.

இந்த அலைகளைப் பிரித்தறிவதற்கும் இமயத்தின் அண்டைப் பகுதியே உதவியது. 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அசாம் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதனை விரிவாக ஆராய்ந்தார். தொலைவிலிருந்த ஐரோப்பியக் கருவிகளில் பதிவான கோடுகளில் இருவகை உள் அலைகளும், அவற்றைத் தொடர்ந்து நிலப்பரப்பில் ஊர்ந்துவரும் அலைகளும் தனித்தனியே தெரிவதை அவர் எடுத்துக்காட்டினார்.

நெடுஞ்சாலையைக் கண்டவர்

1909ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், இன்றைய குரோஷியாவின் தலைநகரான சாக்ரெபுக்கு அருகே ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. அந்நகரின் ஆய்வாளர் ஆன்ட்ரியா மோஹோரோவிசிச் பல ஊர்களின் பதிவுகளைத் திரட்டி ஒப்பிட்டார். தொலைவிலிருந்த நிலையங்களில் முதன்மை அலை ஒருமுறை மட்டும் வராமல் இருமுறை வந்திருப்பதைக் கண்டு வியந்தார்.

இதனை ஒரு பயணத்தோடு ஒப்பிடலாம். பக்கத்து ஊருக்குச் செல்பவர் ஊர்ச் சாலையிலேயே சென்றால் விரைவில் சேரலாம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் செல்பவரோ சற்றுச் சுற்றியாவது வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைக்குச் சென்றுவிட்டால் முந்திக்கொள்ளலாம். அதுபோல, ஓர் அலை மேலோட்டின் ஊடே நேராக வந்தது. மற்றோர் அலை கீழே இறங்கி, வேகம் மிகுந்த அடுக்கின் வழியே ஓடி, மீண்டும் மேலே ஏறி முதலில் வந்து சேர்ந்தது. அப்படியானால், குறிப்பிட்ட ஆழத்தில் பாறையின் தன்மை சட்டென மாற வேண்டும். மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லை அதுவே. அங்கே முதன்மை அலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டராக உயர்கிறது. கண்டவரின் பெயரால் அது இன்று மோஹோ எல்லை என்று அழைக்கப்படுகிறது.

மோஹோ எல்லை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் மேலோட்டின் தடிமன். ஏரியும் பிராட்டும் விட்டுச்சென்ற கேள்விக்கு விடை காணும் வழி இவ்வாறு பிறந்தது. இமயத்துக்கும் திபெத்துக்கும் கீழே மோஹோ எல்லை தாழ்ந்திருந்தால், மலைக்கு வேர் உண்டு என்று பொருள்.

ஓர் அலை இரண்டாகும்போது

மோஹோ எல்லையின் ஆழத்தைக் காண்பதற்கு, அந்த இடத்திலேயே நிலநடுக்கம் ஏற்பட வேண்டும் என்ற கட்டாயமில்லை. சுமத்ராவிலோ ஜப்பானிலோ நிகழும் பெரிய நிலநடுக்கத்தின் அலைகள் பூமியின் ஆழத்துக்குச் சென்று வளைந்து, சில நிமிடங்களில் திபெத்துக்கு அடியிலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாக மேலே வருகின்றன.

அவ்வாறு வரும் முதன்மை அலை மோஹோ எல்லையைத் தொடும்போது ஒரு மாற்றம் நிகழ்கிறது. அலையின் பெரும்பகுதி முதன்மை அலையாகவே மேலே செல்கிறது. ஒரு சிறு பகுதி மட்டும் இரண்டாம் நிலை அலையாக உருமாறுகிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் புறப்படும் இரு ஓட்டக்காரர்களைப் போன்றவை. ஒருவர் வேகமானவர், மற்றவர் மெதுவானவர். ஓடும் தொலைவு கூடக் கூட, அவர்கள் வந்துசேரும் நேர இடைவெளியும் கூடும்.

இந்த இடைவெளியே அளவுகோல் ஆகிறது. ஒரு வினாடி இடைவெளி ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தடிமனைக் குறிக்கும். இயல்பான கண்ட மேலோட்டின் மீது வைக்கப்பட்ட கருவியில் இடைவெளி 4 முதல் 5 வினாடிகள் வரை இருக்கும். அங்குத் தடிமன் 35 முதல் 40 கிலோமீட்டர். திபெத்திலோ 9 வினாடி அளவுக்கு இடைவெளி பதிவாகிறது. அங்கு மேலோட்டின் தடிமன் சுமார் 70 கிலோமீட்டர். இயல்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த கேள்விக்கு அலைகள் விடை கூறிவிட்டன. இமயத்துக்கும் திபெத்துக்கும் ஆழமான வேர் உண்டு. ஏரியின் ஊகம் இங்கே பெரிதும் பொருந்திவந்தது.

800 கிலோமீட்டர் நீண்ட செவி

வேர் இருப்பது தெரிந்தது. ஆனால், அது எப்படி உருவானது? இந்தியத் தட்டு ஆசியாவின் கீழே நுழைந்து அடியில் அடுக்கப்பட்டதா? அல்லது ஆசிய மேலோடு மட்டும் நசுங்கித் தடித்ததா? ஓரிரு கருவிகளால் இதற்கு விடை காண முடியாது. பெரும் பரப்பைக் காட்டும் தொடர்ச்சியான படம் தேவைப்பட்டது.

2002ஆம் ஆண்டுமுதல் 2005ஆம் ஆண்டுவரை ‘ஹை-கிளைம்ப்’ என்ற பன்னாட்டு ஆய்வுத் திட்டம் நடைபெற்றது. கங்கைச் சமவெளியில் தொடங்கி, நேபாளத்தையும் இமயத்தையும் கடந்து, திபெத்தின் நடுப்பகுதிவரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளத்துக்கு நெருக்கமாக அதிர்வுமானிகள் வைக்கப்பட்டன. இத்தகைய கருவிகள் குழிக்குள் புதைக்கப்பட்டு, மின்கலத்தாலும் சூரிய ஒளித் தகடாலும் இயங்கும். மயிரிழையைவிட நுண்ணிய அசைவையும் அவை பதிவுசெய்யும்.

அந்த நுண்மையே தொல்லையாகவும் அமைவதுண்டு. காற்றில் ஆடும் மரம், சாலையில் செல்லும் லாரி, பாயும் ஆறு ஆகிய அனைத்தும் கருவியை அசைக்கும். நேபாளத்தின் திரிசூலி ஆற்றோரத்தில் வைத்த கருவிகளில், மழைக்காலத்தில் இரைச்சல் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். பெருகிவரும் நீரும் அது உருட்டிச்செல்லும் கற்களுமே அதற்குக் காரணம். பிறர் வேண்டாத இரைச்சல் என்று ஒதுக்கக்கூடிய அந்தப் பதிவைக் கொண்டே ஆற்றின் போக்கைக் கண்காணிக்கும் புதிய வழியையும் சிலர் உருவாக்கினர். நில அமைப்பை ஆராய்ந்தவர்களோ, பல நிலநடுக்கங்களின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தனர். அவ்வாறு சேர்க்கும்போது, தற்செயலான இரைச்சல் மங்கும். எல்லையிலிருந்து வரும் உண்மையான அலை மட்டும் தெளிவாகத் தெரியும்.

2009ஆம் ஆண்டில் வெளியான முடிவு பல செய்திகளைத் தெரிவித்தது. இந்திய மேலோட்டின் அடித்தளம் இமயத்தோடு முடிந்துவிடவில்லை. அது திபெத்தின் கீழே நுழைந்து, வடக்கு 31 பாகை அட்சக்கோடுவரை பரவியிருக்கிறது. ஒரு மேலோட்டின் கீழே மற்றொரு மேலோட்டின் பகுதி செருகப்பட்டதால்தான் திபெத்து அவ்வளவு தடித்து உயர்ந்து நிற்கிறது.

1990ஆம் ஆண்டுகளில் தென்திபெத்தில் நடந்த மற்றோர் ஆய்வும் வியப்பளித்தது. அங்கே மேலோட்டின் நடுப்பகுதியில் சில இடங்களில் பாறை ஓரளவு உருகியிருப்பதற்கான அடையாளங்கள் கிடைத்தன. வெளியே பனி மூடிய பீடபூமி; உள்ளேயோ குழைந்து நகரக்கூடிய சூடான பாறை!

படத்தில் தெரிந்த ஆபத்து

2009ஆம் ஆண்டின் படத்தில் மற்றொன்றும் தெளிவாகத் தெரிந்தது. நேபாளத்தின் கீழே குறைந்த ஆழத்தில் தொடங்கி, வடக்கு நோக்கி மெல்லச் சரிந்து, தென்திபெத்தின் கீழே நடு மேலோடுவரை இறங்கும் ஒரு பெரும் பிளவுப் பரப்பே அது. இந்தியத் தட்டு இந்தச் சரிவின் கீழேதான் வடக்கு நோக்கி நுழைகிறது.

ஆழத்தில் பாறை சூடாக இருப்பதால், அங்கே நழுவல் அமைதியாக நடக்கிறது. மேற்பகுதியில் பாறை குளிர்ந்து இறுகியிருப்பதால், இரு பரப்புகளும் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. எனினும், தள்ளுதல் நிற்பதில்லை. இமயத்தின் குறுக்கே நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செண்டிமீட்டர் நெருக்கப்படுகிறது. நூறு ஆண்டுகளில் அது 2 மீட்டர் ஆகும். வளைத்துப் பிடித்த மூங்கிலைப்போலப் பாறை விசையைச் சேர்த்துவைக்கிறது. பூட்டு உடையும் நாளில் அத்தனை விசையும் வெளிப்படும்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், நண்பகலுக்குச் சற்று முன்பு, அந்தப் பூட்டின் ஒரு பகுதி உடைந்தது. நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் 7.8 அளவில் தொடங்கிய நிலநடுக்கம், பிளவுப் பரப்பின் வழியே கிழக்கு நோக்கிப் பாய்ந்தது. காத்மாண்டு அமைந்துள்ள நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே உயர்ந்தது. அந்நகரம் பழைய ஏரியொன்றின் வண்டல் மீது அமைந்திருப்பதால், மென்மையான மண் அதிர்வைப் பெருக்கியது. ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் பள்ளி விடுமுறை நாள். இடிந்துபோன ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் மாணவர்கள் இல்லாதது, அந்தத் துயரத்திலும் ஓர் ஆறுதலாக இருந்தது.

நழுவல் தரைமட்டம்வரை வரவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். காத்மாண்டுக்குத் தெற்கே பிளவின் மேற்பகுதி உடையாமலேயே நின்றுவிட்டது. மேற்கு நேபாளத்தின் பெரும்பகுதியிலோ 1505ஆம் ஆண்டுக்குப் பிறகு மிகப் பெரிய நிலநடுக்கம் ஏற்படவில்லை. ஐந்நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த விசை அங்கே காத்திருக்கிறது.

அறிவு காக்கும் உயிர்கள்

அடுத்த நிலநடுக்கம் எந்த நாளில், எந்த மணியில் வரும் என்று எந்த அறிவியலாளராலும் கூற இயலாது. ஆனால், பிளவு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எந்தப் பகுதி இன்னும் பூட்டிக் கிடக்கிறது, எங்கே நிலம் அதிகமாக ஆடும் என்பவற்றைக் கூற முடியும். எந்த ஊரில் எத்தகைய கட்டடம் கட்ட வேண்டும், எந்தப் பள்ளியை முதலில் வலுப்படுத்த வேண்டும் என்பதை முடிவுசெய்ய இந்த அறிவு போதும். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் 2015ஆம் ஆண்டுக்கு முன்பே வலுப்படுத்தப்பட்டிருந்த பள்ளிக் கட்டடங்கள் இடிந்துவிழாமல் நின்றது இதற்குச் சான்றாகும்.

இது தொலைதூர நாட்டின் கதை மட்டுமன்று. நேபாள நிலநடுக்கம் நிகழ்ந்து ஆறு வாரங்கள் கழிவதற்குள், 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், சபாவின் ரானாவ் பகுதியில் சுமார் 6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. கினபாலு மலையில் பாறைகள் உருண்டு 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிங்கப்பூரிலிருந்து சென்ற பள்ளி மாணவர்களும், மலையேறிகளுக்குத் துணைநின்ற உள்ளூர் வழிகாட்டிகளும் அடங்குவர். பின்னர், 2018ஆம் ஆண்டுமுதல் 2020ஆம் ஆண்டுவரை சபாவின் காடுகளிலும் ஊர்களிலும் பல அதிர்வுமானிகள் வைக்கப்பட்டன. தொலைவிலிருந்து வரும் அலைகளைக் கொண்டு, இமயத்தில் செய்ததைப்போலவே, சபாவின் அடிநிலமும் ஆராயப்பட்டது.

தட்டுகளின் மோதலை மனிதரால் தடுக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் பூமி அதிரும்போதெல்லாம், அந்த அலை உலகெங்கும் உள்ள கருவிகளை ஒருமுறை தொட்டுச் செல்கிறது. வெறும் நடுக்கோடாகத் தெரியும் அப்பதிவில், வினாடிகளை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு மலையின் வேரும் நிலத்தின் பிளவும் தெரிகின்றன. அவர்கள் கண்டு சொல்வதைக் கேட்டு உறுதியான சுவரை எழுப்புவது, நிலத்தின் மேலே வாழ்பவர்களின் பொறுப்பாகும்.